‘டேக் ஷார்ப்’ படத்துக்குப் ‘பிசிறிலா’

நண்பர்களுக்கு வணக்கம்.

நுண்ணிய விவரமும் விளிம்பு கலையாமல் பதிந்த புகைப்படத்தை ஆங்கிலத்தில் ‘டேக் ஷார்ப்’ (tack sharp) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘ஆணிக்கூர்’ என்ற முன்மொழிவைப் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. ‘டேக்’ என்ற சிற்றாணி ஆங்கிலேயருக்குக் கூர்மையின் அடையாளம். புத்திக்கூர்மை உள்ளவரையும் அதைக் கொண்டே சொல்கிறார்கள். நமக்கு ஆணி என்றால் உறுதி. பசுமரத்தாணி, ஆணித்தரம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘ஆணிக்கூர்ப் படம்’ எதைச் சொல்லும்?

‘தெளிவான படம்’ போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்ற மாதம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் படமெடுத்தேன். ஒரு படத்தில் கூடையில் என்ன மீன், நீட்டியது யார் கை என்பதெல்லாம் தெளிவாகவே தெரிகிறது. பெரிதாக்கினால் சங்கராவின் செதில்கள் ஒன்றோடொன்று கலந்து வெறும் சிவப்புப் பூச்சாகிவிடுகின்றன. 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 1/60 நொடியில் எடுத்தது. கைநடுக்கம் படத்தில் ஏறிவிட்டது. அடுத்ததை 1/500-இல் எடுத்தேன். ஒவ்வொரு செதிலும் தனித்தனியே நிற்கிறது, விளிம்பில் ஒட்டிய நீர்த்துளி உட்பட. இரண்டாவது படத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அது வண்ணாரப்பேட்டைத் தையல் கடைகளில் நாள்தோறும் புழங்குகிறது: பிசிறு. வெட்டிய துணியின் ஓரத்தில் நூல் பிரிந்து நின்றால் பிசிறு. கடைசல் பட்டறையில் இரும்பை அறுத்தபின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருப்பதும் பிசிறு. பாடுபவரின் குரலும் பிசிறு தட்டும். எங்கும் ஓரம் கெடுவதையே இச்சொல் குறிக்கிறது. என் முதல் படத்தில் செதிலுக்கு நேர்ந்ததும் அதுதான்.

‘பிசிறற்ற’ என்பதே பொருள் தரும். ஆனாலும் தொகையாகச் சுருங்கினால் நல்லது. சிலப்பதிகாரத்து ‘மாசறு பொன்’ போலப் ‘பிசிறறு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘றறு’ நாவில் இடறுகிறது. ‘மாசில்’ போலப் ‘பிசிறில்’ என்றால் ஏழாம் வேற்றுமையாகப் படித்துவிடுவார்கள். ‘ஈடிலா’, ‘குறையிலா’ வழியில் ‘பிசிறிலா’ தடையில்லாமல் வருகிறது. பிசிறிலாப் படம். பண்புப்பெயர் பிசிறின்மை.

மென்பொருளில் விளிம்பை எடுப்பாக்கும் பொத்தானுக்குக் ‘கூர்மையாக்கு’ என்பதே இருக்கட்டும். அது பின்னால் செய்யும் வேலை. அளவு மீறினால் செதிலைச் சுற்றி வெண்கோடு விழும். கைநடுக்கத்தில் கலந்துபோன செதில்களோ அதனால் பிரிந்து வருவதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட வேண்டாம்.