செகண்ட் ஹேண்ட் சின்ன கார்: மைலேஜைப் பார்ப்பதா, வண்டி இருக்கும் நிலையைப் பார்ப்பதா?

புதுச்சாவி:

எல்லோருக்கும் வணக்கம். முதல் முறையாகக் கார் வாங்கப் போகிறேன், அதுவும் கை மாறிய வண்டி. கையில் இருக்கும் பணத்துக்குள் முடிக்க வேண்டும், கடன் வாங்கும் எண்ணம் இல்லை, அதனால் ஹேட்ச்பேக் தவிர வேறு எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலைக்குப் போக 9 கிலோமீட்டர், வர 9, மாதத்தில் ஒன்றிரண்டு முறை குடும்பத்தோடு வெளியே, எப்படிக் கூட்டினாலும் மாதம் 500 கிலோமீட்டரைத் தாண்டாது.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2017 பெட்ரோல், மீட்டரில் 46,000, இரண்டாவது ஓனர், பளபளவென்று இருக்கிறது. மற்றது 2016 டீசல், 1,12,000 ஓடியிருக்கிறது, ஒரே ஓனர், சர்வீஸ் பில்லை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார். விலை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 தரும் என்கிறார்கள், டீசல் 20. மைத்துனர் மைலேஜைச் சொல்லி டீசலை எடுக்கச் சொல்கிறார், எனக்கோ 1,12,000 என்ற எண்ணைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வாங்குவதுகூடப் பரவாயில்லை, வாங்கிய பிறகு மாதாமாதம் எவ்வளவு இழுக்கும் என்பதுதான் பயம்.

லிட்டர்கணக்கு:

மாதம் 500 என்றால் வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர். 15 தரும் வண்டிக்கு 400 லிட்டர், 20 தரும் வண்டிக்கு 300 லிட்டர். வித்தியாசம் வருடத்துக்கு 100 லிட்டர், அதாவது மாதம் எட்டு லிட்டர் சொச்சம். உங்கள் மைத்துனர் இதற்காகத்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார். வருடம் 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் என்றால் இதே கணக்கு 333 லிட்டராகும், அவர் டீசல் பக்கம் போவதில் அர்த்தம் இருக்கிறது.

நான் காரைப் பற்றிய எல்லாச் செலவையும் லிட்டரில்தான் எண்ணுவேன், வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் நன்றாக வேலை செய்யும். நாலு டயர் மாற்ற எத்தனை லிட்டர், கிளட்ச் செட் மாற்றினால் எத்தனை லிட்டர் என்று உங்கள் பக்கத்து விலையை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பெரிய வேலை வந்தால் போதும், மைலேஜில் மிச்சம் பிடித்த சில வருடக் காசு அப்படியே போய்விடும்.

இன்னொன்று, குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு வரும் செலவில் நிறைய, ஓடிய தூரத்தைப் பார்க்காமல் நாள் கணக்கில் வருவது. 10,000 கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஆயில் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம். டயரும் அப்படித்தான், நீங்கள் ஓட்டுகிற ஓட்டத்துக்குப் பட்டன் தேய்வதற்கு முன்னால் ரப்பர் கிழமாகிவிடும். இன்ஷூரன்ஸ் வண்டி நின்றாலும் ஓடும். அதனால் மைலேஜைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வேலைகளில் எவை ஏற்கனவே முடிந்திருக்கின்றன, எவை உங்கள் தலையில் விழக் காத்திருக்கின்றன என்று பாருங்கள்.

கிரீஸ்கை:

மேலே நண்பர் போட்ட கணக்கு சரி, ஆனால் டீசலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு காரணம் இருக்கிறது. 9 கிலோமீட்டர் ஓட்டம் டீசலுக்கு ஆகாது. எஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் நீங்கள் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் (டிபிஎஃப் என்பார்கள்) இருக்கும் மாடலாக இருந்தால், அந்தக் கரி எரிந்து போவதற்கு உள்ளே சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், அது கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடினால்தான் வரும். தினமும் பாதியில் நிறுத்தினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயிலையும் கெடுக்கும். அப்புறம் இன்ஜெக்டர், டர்போ, டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்று டீசல் பக்கம் இருக்கும் ஒவ்வொரு பாகமும் பெரிய பில். 1,12,000 என்ற எண் எனக்குப் பயமில்லை, ஃபைலோடு இருக்கும் வண்டி நல்ல வண்டியாகவே இருக்கும், ஆனால் அது நீண்ட தூரம் போகிறவருக்கான வண்டி.

அதற்காகப் பெட்ரோலை உடனே எடுத்துவிடாதீர்கள். அந்தப் பளபளப்புதான் எனக்கு உறுத்துகிறது. மீட்டரைக் குறைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மற்ற இடங்களைக் குறைக்கத்தான் யாருக்கும் பொறுமை இருக்காது. கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள், 46,000-க்கு வழவழவென்று தேயாது. டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம், ஸ்டீயரிங், கியர் குமிழ், எல்லாம் ஒரே வயதாகத் தெரிகிறதா பாருங்கள். பெடலுக்கு மட்டும் புது ரப்பர் போட்டிருந்தால் அதுவும் ஒரு பதில்தான். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 2318 என்றால் 2018-இல் 23-வது வாரம் செய்தது. பானெட்டுக்குள், கதவு ஓரத்தில், ஏர் ஃபில்டர் பெட்டி மேல் ஆயில் மாற்றியபோது ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடுங்கள், வண்டியைக் கழுவிக் கொடுக்கிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

முக்கியமாக, வண்டி குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட் நீங்கள்தான் அடிக்க வேண்டும். நீங்கள் வருவதற்குள் அவர்கள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பாதி நோய் மறைந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் முதல் சில நொடி உள்ளே இருக்கும் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது, சில எஞ்சினில் இதற்குப் பதில் பெல்ட்) சத்தம் கடகடவென்று கேட்கிறதா, நீலப் புகை வருகிறதா (ஆயில் எரிகிறது), வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வருகிறதா (எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது) என்று கவனியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி, அதோடு பேச்சை முடித்துவிட்டு வந்துவிடலாம்.

மூணாவதுகியர்:

கிரீஸ்கை அண்ணனோடு பாதிதான் ஒத்துப்போவேன். ஃபைல் இருக்கிற வண்டியை அவ்வளவு சுலபமாகத் தள்ளக் கூடாது, நான் பில் இல்லாத வண்டி வாங்கிப் பட்டவன். எனது முதல் ஹேட்ச்பேக் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின், விற்றவர் "போன வருடம்தான் பெல்ட் மாற்றினேன்" என்று அடித்துச் சொன்னார், நான் பில் கேட்கவில்லை, கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சம். நாலாவது மாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட் அறுந்தது. பிஸ்டன் போய் வால்வில் இடித்து எல்லாம் வளைந்துவிட்டது, எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டை இறக்கி வேலை பார்த்ததில் வண்டி விலையில் கால்வாசி காலி. அதனால் நீங்கள் பார்க்கும் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், ஹூண்டாய் ஐ10-இல் பழைய 1.1 லிட்டர் எஞ்சினில் பெல்ட், 1.2 லிட்டர் கப்பா எஞ்சினில் செயின். செயின் என்றால் மாற்ற வேண்டிய தேதி கிடையாது, ஆனால் ஆயிலை ஒழுங்காக மாற்றாதவன் கையில் அதுவும் தளர்ந்துவிடும். பெல்ட் என்றால் மாற்றிய பில் வேண்டும், இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

அப்புறம் டாப் மாடல் மோகம் வேண்டாம். 16 இன்ச் அலாய் வீல் பார்க்க அழகு, டயர் மாற்றும்போதுதான் 14 இன்ச்காரன் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறான் என்று தெரியும்.

லிட்டர்கணக்கு:

கூச்சப்பட்டு பில் கேட்காமல் விட்டவர்கள் கணக்கை எடுத்தால் இந்தக் குழுவே நிரம்பிவிடும், நானும் அதில் உண்டு.

புதுச்சாவி:

நேற்று அந்தப் பெட்ரோல் வண்டியைப் போய்ப் பார்த்தேன். நான் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, "ஏசி போட்டு வைத்தேன் சார், வெயில் அதிகம்" என்றார். சரி என்று விட்டுவிட்டு பெடலைப் பார்த்தேன், கிளட்ச் ரப்பரில் கோடே இல்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி ஏர் ஃபில்டர் பெட்டியைப் பார்த்தால் ஒன்றும் இல்லை, விடவும் மனசு வரவில்லை, டிரைவர் கதவைத் திறந்து தூணின் ஓரத்தில் பார்த்தேன். பாதி கிழித்த ஸ்டிக்கர். தேதி போய்விட்டது, எண் இருந்தது: அடுத்த ஆயில் 87,000-இல்.

அவரிடம் காட்டினேன். "அது வேறு வண்டி ஸ்டிக்கராக இருக்கும்" என்றார்.

கிரீஸ்கை:

வேறு வண்டி ஸ்டிக்கர் இந்த வண்டிக் கதவில் எப்படி ஏறிச்சாம்? நான் இவ்வளவு வருடத்தில் கேட்காத பதில் இது. 87,000 பக்கம் ஓடிய பெட்ரோல் வண்டி தப்பில்லை, உண்மையைச் சொல்லி விற்றிருந்தால் விலை பேசி எடுக்கலாம் என்றே சொல்லியிருப்பேன். மீட்டரில் பொய் சொன்னவர் வேறு எதில் சொல்லவில்லை என்று தேடிக்கொண்டிருக்க முடியாது, விடுங்கள்.

புதுச்சாவி:

விட்டுவிட்டேன். டீசல்காரரிடமும் 9 கிலோமீட்டர் விஷயத்தைச் சொன்னேன், மனுஷன் நல்லவர், "உங்களுக்கு இது சரிப்படாது தம்பி" என்று அவரே சொல்லிவிட்டு, தன் அலுவலகத்தில் ஒருவர் 2015 பெட்ரோல், 71,000, பில்லோடு விற்கிறார் என்று எண் கொடுத்தார். 1.2, செயின் எஞ்சின்தான், கேட்டுவிட்டேன். டயர் மட்டும் நாலும் மாற்ற வேண்டியிருக்கும் என்று அவரே போனில் சொன்னார். சனிக்கிழமை காலை போகிறேன். நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கிரீஸ்கை:

போனதும் முதலில் பானெட் மேல் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சாவியைக் கேளுங்கள்.