பட்டப் பட்டியலில் ஒரு 'சிஸ்டர்': கண்ணில் பட்டு மனசில் நின்றதைப் பகிருங்கள்

ஏட்டுப்பூச்சி:
துறவு வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு முதுநிலை, முனைவர் பட்டம் வாங்கிய கத்தோலிக்கக் கன்னியர்களைப் பற்றித்தான் பேச்சு. நான் ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகம், 1917. முழுக்க ஆண்களின் இடம். அங்கே முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்கள் இருவர், இருவரும் திருச்சிலுவை சபைக் கன்னியர்: சிஸ்டர் பிரான்சிஸ் ஜெரோம், சிஸ்டர் லுக்ரேஷியா. வாங்கியது முதுநிலைப் பட்டம். அதே பல்கலைக்கழகம் இளநிலை வகுப்பில் பெண்களைச் சேர்த்தது 1972இல். இடையில் 55 வருஷம்!

என்னை விடாமல் குடைவது அந்தப் பெயர்தான். பிரான்சிஸ், ஜெரோம் இரண்டுமே ஆண் புனிதர்கள். முன்னால் உள்ள 'சிஸ்டர்' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால், முதல் பட்டதாரிப் பெண் என்று யாருக்குத் தெரியும்? பழைய பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது இந்த அடைமொழிகள்தான் முதலில் உதிர்கின்றன.

கோடைக்கணக்கு:
பெயரை விடுங்கள், ஆண்டைப் பாருங்கள். நோட்டர் டேமில் கோடை வகுப்புகள் 1918இல் தொடங்கின. அதற்குப் பிறகு அங்கே வந்த சிஸ்டர்கள் பெரும்பாலும் கோடை மாணவிகள். அதனால் 'இந்த ஆண்டு முதுகலை' என்று ஒரு வரியைப் பார்த்ததும் ஒன்றிரண்டு வருஷப் படிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. கணக்கு இப்படி:

கோடைப் பருவம் சுமார் 6 வாரம். அதில் ஒருவர் எடுக்கக்கூடியது பொதுவாக 6 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு). முதுகலைக்கு 30 கிரெடிட் என்றால் 5 கோடை, அதுவும் ஒரு கோடைகூடத் தவறாமல் வந்தால். ஆய்வேட்டுக்கு 6 கிரெடிட் ஒதுக்கினால் பாடத்துக்கு 24, அது 4 கோடையில் முடியும். ஐந்தாவது கோடையில் ஏடு முடிந்தாக வேண்டும். முடியாது. ஏன் என்றால் ஆகஸ்டில் அவர் திரும்பிப் போவது ஒரு பங்குப் பள்ளிக்கு, அதாவது ஊர்த் தேவாலயம் நடத்தும் பள்ளிக்கு. ஒரே அறையில் ஐம்பது அறுபது பிள்ளைகள், பக்கத்தில் ஆய்வு நூலகம் கிடையாது. குறிப்பு அட்டைகளைக் கட்டி எடுத்துப்போய், அடுத்த ஜூன் வரை கட்டைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டு வருவார்கள்.

அடுத்து இடமாற்றம். சபைத் தலைவியின் கடிதம் கோடை முடிவில் வரும், புதிய ஊர், புதிய வகுப்பு. அடுத்த கோடை நவகன்னியர் இல்லத்தில், அதாவது சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி பெறும் இடத்தில் வேலை என்றால் படிப்பு ஒரு வருஷம் நிற்கும். கிரெடிட்டுக்குக் காலக்கெடு உண்டு, பல இடங்களில் ஆறேழு வருஷம். இரண்டு கோடை விட்டால் முதல் கோடையில் எடுத்த பாடம் காலாவதியாகும் விளிம்புக்கு வந்துவிடும். அப்போது துறைத் தலைவருக்கு எழுதி நீட்டிப்பு வாங்க வேண்டும், அல்லது அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

இளநிலைக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 120 கிரெடிட், கோடைக்கு 6. இருபது கோடை. 'இருபது வருஷத் திட்டம்' என்று சிஸ்டர்கள் சிரித்துக்கொண்டே சொன்னது கேலி இல்லை, வெறும் வகுத்தல். 1954இல் சிஸ்டர்களின் பயிற்சிக்காகச் சிஸ்டர் ஃபார்மேஷன் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு உருவானதே, பட்டத்தை முடித்த பிறகுதான் வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லத்தான்.

சும்மா_ஒரு_கேள்வி:
அப்படியானால் கோடைப் பட்டம் கொஞ்சம் இளகிய பட்டம்தானே? ஆறு வாரத்தில் என்ன படித்துவிட முடியும்?

கோடைக்கணக்கு:
ஒரே பல்கலைக்கழகம், ஒரே கிரெடிட், ஒரே ஆய்வேடு, ஒரே தேர்வு. ஆறு வாரத்தில் அடைத்ததால் ஒரு நாள் வகுப்பு நீளம், அவ்வளவுதான். வேலை குறையவில்லை, ஓய்வுதான் குறைந்தது. ஆறு வாரமும் விடியலில் திருப்பலி, வேளைக்கு வேளை கட்டளைச் செபம், அதற்கு நடுவில் ஆய்வுக்கூடம். இளகியது என்கிறீர்கள்!

முகப்புத்தாள்:
வாஷிங்டன் பக்கம் யாரும் போகவில்லையே? கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1889இல் பாடம் தொடங்கியது. சிஸ்டர்களை வளாகத்துக்குள் உட்கார வைக்க மனமில்லை, ஆனால் பள்ளிகளுக்குத் தகுதியுள்ள ஆசிரியைகள் வேண்டும். 1911இல் தாமஸ் எட்வர்ட் ஷீல்ட்ஸ் என்ற குருவானவர் கண்ட வழி: பக்கத்தில் புரூக்லேண்டில் சிஸ்டர்களுக்கென்று தனிக் கல்லூரி. பேராசிரியர்கள் அங்கே போய்ப் பாடம் எடுப்பார்கள், பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். ஆகவே பழைய ஏடுகளின் முகப்புத்தாளில் 'கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் சிஸ்டர்ஸ் கல்லூரியில் சமர்ப்பிக்கப்பட்டது' என்று இருக்கும். அந்த வரியைப் பார்த்துவிட்டு 'ஏதோ துணைக் கல்லூரிப் பட்டம்' என்று குறித்து வைப்பவர்கள் உண்டு. தவறு. அது பல்கலைக்கழகப் பட்டமேதான்.

எனக்கு ஆறாதது வேறு. அங்கே 1922 முதல் திருச்சபைத் தந்தையர், அதாவது தொடக்ககாலக் கிறிஸ்தவ ஆசான்கள் பற்றிய ஆய்வு வரிசை ஒன்று அச்சில் வந்தது. முனைவர் ஏடுகள்தான் நூலாக வரும், எழுதியவர்களில் சிஸ்டர்கள் ஏராளம். 1924இல் சிஸ்டர் இன்வயலாட்டா பேரி எழுதியது, சொற்பொழிவாளராக அகுஸ்தீனார் என்ற பொருளில். மறையுரைகளில் உவமை எங்கே, எதிர்நிலை எங்கே, ஒலி இயைபு எங்கே என்று அணி அணியாகப் பிரித்து எடுத்துக்காட்டுகளோடு அடுக்கிய வேலை. அகுஸ்தீனாரின் லத்தீனைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் துறை எது? செவ்வியல் மொழிகள். இறையியல் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு சிஸ்டர் அகுஸ்தீனாரின் வாக்கியத்தைப் பற்றி முனைவர் ஆகலாம், அவர் கடவுளைப் பற்றிச் சொன்னதில் பட்டம் வாங்க வழியில்லை. அந்த வழியைத் திறந்தவரும் ஒரு சிஸ்டர்தான். சிஸ்டர் மேடலேவா உல்ஃப் 1943இல் செயின்ட் மேரீஸ் கல்லூரியில் தொடங்கிய இறையியல் பள்ளி. அவருடைய முதுகலை 1918, நோட்டர் டேம். முனைவர் பட்டம் 1925, பெர்க்லி.

முக்கோணம்:
எல்லோரும் பட்டியலிலேயே நிற்கிறீர்கள். ஏட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவராவது திறக்க வேண்டாமா?

சிஸ்டர் செலின் ஃபேசன்மையர், மெர்சி சபை. மிச்சிகன் பல்கலைக்கழகம், 1946, வழிகாட்டி ரெயின்வில். அந்த ஏட்டில் இருப்பது ஒரு செய்முறை. சமையல் குறிப்பு மாதிரி யார் செய்தாலும் வரும். ஒரு நீளமான கூட்டுத்தொகை இருக்கிறது. அதன் ஒவ்வொரு உறுப்பும் இரண்டு எண்களைப் பொறுத்தது: வரிசை எண், அந்த வரிசைக்குள் இட எண். கூட்டினால் வரும் விடை வரிசைக்கு வரிசை எப்படி மாறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கட்டம் எடுங்கள். வரிசையில் ஒரு படி பின்னால், இடத்தில் ஒரு படி பின்னால்: மொத்தம் 4 உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தெரியாத கெழு ஒன்று வைத்து, கூட்டினால் பூஜ்யம் என்று எழுதுங்கள். கெழுவில் வரிசை எண் வரலாம், இட எண் வரவே கூடாது. மொத்த வித்தையும் இந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. அடுத்து எல்லாவற்றையும் முதல் உறுப்பால் வகுத்தால் தொடர்பெருக்கங்கள் அடிபட்டு, வெறும் பல்லுறுப்புக் கோவைகளின் விகிதம் மிஞ்சும். பொதுப் பகுதி எடுத்து, தொகுதியை இட எண்ணின் அடுக்கு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கின் கெழுவையும் பூஜ்யம் ஆக்குங்கள். கிடைப்பது சாதாரண நேரியல் சமன்பாடுகள். எல்லாக் கெழுவும் பூஜ்யம் என்ற வெற்றுத் தீர்வு மட்டும் வந்தால் கட்டத்தைப் பெரிதாக்கி மறுபடி.

பாஸ்கல் முக்கோணத்தில் பாருங்கள். ஒரு எண் = மேலே உள்ள இரண்டு எண்களின் கூட்டல். இந்த உறவில் இட எண் கெழுவாக வரவில்லை. அதனால் வரிசை முழுக்கக் கூட்டலாம். மேல் வரிசையின் மொத்தம் இரண்டு முறை வரும். ஆகவே 1, 2, 4, 8, 16. அவ்வளவுதான் நிரூபணம்.

எங்கே இடறும்? ஒரு படிக் கட்டத்தில் 4 கெழு, இரண்டு படியில் 9, மூன்றில் 16. கையால் செய்தால் பக்கம் பக்கமாக ஓடும், ஒரு குறி தவறினால் போச்சு. இன்னொன்று, கிடைக்கும் உறவு எப்போதும் மிகச் சுருக்கமானதாக இருக்காது. தேவைக்கு மேல் நீளமாக வரலாம். 1947, 1949 என்று இரண்டு கட்டுரை வெளிவந்தது. அப்புறம் அவர் ஈரி நகரில் மெர்சிஹர்ஸ்ட் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1982இல் டோரோன் சைல்பெர்கர் என்ற கணிதவியலாளர் எடுத்துப் பார்த்தபோதுதான் இது கணினிக்கென்றே எழுதி வைத்தது போல இருப்பது தெரிந்தது. 1946இல் இதைச் செய்ய அவருக்கு இருந்தது பென்சில்.

பொட்டிதட்டி:
கணினி என்றதும் ஞாபகம். சிஸ்டர் மேரி கென்னத் கெல்லர்! உலகின் முதல் கணினி அறிவியல் முனைவர், பேசிக் என்ற கணினி மொழியைக் கண்டுபிடித்தவர். இவரை ஏன் இன்னும் யாரும் சொல்லவில்லை?

ஏட்டுப்பூச்சி:
சொல்லலாம், அளவாகச் சொல்லுங்கள். பட்டம் 1965 ஜூன் 7, விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன். அதே நாளில் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இர்விங் டாங் என்பவரும் கணினி அறிவியலில் முனைவர் நிலைப் பட்டம் வாங்கினார். ஆகவே 'அமெரிக்காவில் முதல் இருவரில் ஒருவர், முதல் பெண்' என்பது சரியான வாக்கியம். பேசிக் மொழியை உருவாக்கியவர்கள் டார்ட்மத் கல்லூரியின் கெமனியும் கர்ட்ஸும், 1964இல். கெல்லர் டார்ட்மத்தில் பயிற்சிக்குப் போனதை ஊதிப் பெருக்கியதன் விளைவு இந்தக் கதை. ஏட்டில் உள்ளதே போதும் பெருமைக்கு: இயற்கணிதக் கோவைகளை எண்ணாக இல்லாமல் குறியீடாகவே வகையிடும் நிரல்கள், சி.டி.சி. ஃபோர்ட்ரான் 63 என்ற நிரல் மொழியில் எழுதியது. பிறகு டூபியூக்கின் கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி 20 வருஷம் நடத்தினார்.

என் கண் நிற்பது வேறு இடத்தில். டிபால் பல்கலைக்கழகத்தில் இளநிலை 1943, முதுநிலை 1953, பிறகு முனைவர் 1965. கோடைக்கணக்கு சொன்ன வகுத்தல் இங்கே தெரிகிறதா?

அட்டவணை_அம்மா:
சிஸ்டர் கெல்லரின் திருமுழுக்குப் பெயர் ஈவ்லின் மேரி. இது தெரியாமல் குடும்பப் பதிவில் தேடினால் கிடைக்கமாட்டார். என் பகிர்வு இவ்வளவுதான். ஆனால் தேடப் போகிறவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

ஒன்று, ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்: திருமுழுக்குப் பெயர், துறவுப் பெயர், குடும்பப் பெயர். பழைய நூலக அட்டையில் 'மேரி இன்னார், சிஸ்டர்' என்று துறவுப் பெயரின் கீழ் இருக்கும். அங்கே குடும்பப் பெயரே வராமல் போகலாம். செலின் தன் கட்டுரைகளில் குடும்பப் பெயரையும் போட்டதால் சுலபமாக அகப்படுகிறார். பெயருக்கு முன்னால் 'எம்.' என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மேரி. அதை முதலெழுத்தாக எண்ணி வரிசைப்படுத்தினால் ஆள் தொலைந்தார்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்களின் பொதுக்கூட்டம்) துறவு வாழ்வைப் புதுப்பிக்கும் ஆணையை வெளியிட்டது. அதற்குப் பிறகு நிறையப் பேர் திருமுழுக்குப் பெயருக்குத் திரும்பினார்கள். 1962இல் முதுகலை வாங்கியவரும் 1971இல் முனைவர் ஆனவரும் ஒரே ஆளாக இருப்பார், பட்டியலில் இரண்டு பேராகத் தெரிவார். எண்ணிக்கை எடுப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் சபை எழுத்துகளைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். ஆர்.எஸ்.எம். என்றால் மெர்சி, பி.வி.எம். என்றால் டூபியூக் சபை, சி.எஸ்.சி. என்றால் திருச்சிலுவை. ஆனால் ஓ.எஸ்.எஃப். என்பது ஒரு சபை இல்லை. பிரான்சிஸ்கன் வழியில் வந்த எத்தனையோ தனிச் சபைகள் அதையே போடுகின்றன. டொமினிக்கன் வழியினர் போடும் ஓ.பி.யும் அப்படியே. அங்கே தாய்மடம் இருந்த ஊரையும் சேர்த்துக் குறித்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

ஏடு கையில் கிடைத்தால் கடைசித் தாளைப் பாருங்கள், வாழ்க்கைக் குறிப்பு இருக்கலாம். பட்டமளிப்புப் பட்டியலில் ஜூனோடு நிறுத்தாதீர்கள். கோடை மாணவிகளுக்கு ஆகஸ்ட் பட்டியல் தனி.

இன்னொரு தடயம்: இரண்டு சிஸ்டர்கள் ஒரே பாடம், ஒரே ஆண்டு என்று ஜோடியாக வருவார்கள். 1918 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தின் 607ஆம் விதி, அவசியமின்றித் துறவியர் தனியாக வெளியே போவதைத் தலைவிகள் அனுமதிக்கக் கூடாது என்றது. ஒருவரை அனுப்பினால் துணைக்கு இன்னொருவர். துணையாகப் போனவரும் சும்மா இருக்காமல் பதிவு செய்துகொள்வார். ஒருவரின் கோப்பு அகப்படவில்லையா, ஜோடியின் கோப்பைத் திறங்கள்.

குண்டூர்_ரோடு:
எல்லாம் அமெரிக்காவா? டாக்டர் மேரி க்ளோவ்ரி: மெல்போர்ன் பல்கலைக்கழகம், மருத்துவ இளநிலை 1910, எம்.டி. 1919. குண்டூருக்கு வந்து ஜே.எம்.ஜே. (இயேசு, மரியா, யோசேப்பு) சபையில் சேர்ந்து, 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தைத் தொடங்கியவர். எம்.டி.யை விடவா பெரிய முதுநிலைப் பட்டம்?

முகப்புத்தாள்:
பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் குண்டூருக்கு வந்தது 1920இல். எம்.டி. வாங்கியபோது அவர் சிஸ்டர் இல்லை. இங்கே பேசுவது வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு வாங்கிய பட்டம்.

குண்டூர்_ரோடு:
அதனால்தான் எழுதினேன். வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு மருத்துவம் என்ற கதவே பெரும்பாலும் மூடியிருந்தது. க்ளோவ்ரி துறவியாகிய பிறகும் மருத்துவம் பார்க்கத் திருத்தந்தை 15ஆம் பெனடிக்டின் தனி அனுமதி தேவைப்பட்டது. மகப்பேறு உட்பட மருத்துவப் பணிக்குச் சிஸ்டர்களைப் பயிற்றலாம் என்று ரோம் பொதுவாகச் சொன்னது 1936இல். அதற்கு முந்தைய மருத்துவப் பட்டியல்களில் 'சிஸ்டர்' என்று தேடினால் ஏறக்குறைய ஒன்றும் வராது. மெல்போர்ன் பதிவில் அவர் மேரி க்ளோவ்ரி, குண்டூரில் திரு இருதய சிஸ்டர் மேரி.

அட்டவணை_அம்மா:
அப்படியானால் அவருக்கு இரண்டு அட்டை போட்டு ஒன்றுக்கொன்று குறிப்பு கொடுங்கள். மேலே வத்திக்கான் ஆணை என்றேனே, நாள் 1965 அக்டோபர் 28. யாரோ தனிமடலில் கேட்டார்கள்.