பொண்ணோட போட்டோவ ஸ்டிக்கராக்கி கிளாஸ் குரூப்ல கேலி பண்றாங்க, போனை வாங்கி வெச்சிடலாமா?

கயல்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா சரியா தூக்கம் இல்ல, அதான் இங்க கேக்குறேன். பொண்ணுக்கு 12 வயசு. கிளாஸ் பசங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு, அதுல இவ வாயத் திறந்து தூங்குற மாதிரி ஒரு போட்டோவ எவனோ எடுத்து ஸ்டிக்கராக்கிட்டான், இப்ப இவ என்ன மெசேஜ் போட்டாலும் பதிலுக்கு நாலஞ்சு பேர் அதையேதான் போடுறாங்க. போதாக்குறைக்கு இன்ஸ்டாகிராம்ல இவ பேர்லயே ஒரு போலி அக்கவுண்ட் வேற, இவளுக்கு அங்க கணக்கே கிடையாது. இதெல்லாம் அவளா சொல்லல, தற்செயலா நான்தான் பாத்தேன். கேட்டா "அம்மா ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லாத, சும்மா விளையாட்டுக்குத்தான்"னு சொல்லிட்டு அழறா. பத்து நாளா போன்ல சத்தம் வந்தாலே முகம் மாறிச்சு, நான் பரீட்சை பயம்னு நெனச்சு விட்டுட்டேன். இவங்கப்பா போனை வாங்கி பீரோல வெச்சுப் பூட்டு, தானா அடங்கிடும்ங்கிறார். அப்படியே பண்ணிடவா?

வகுப்பறை_ஜன்னல்:
தயவுசெஞ்சு இப்போதைக்கு போனை வாங்காதீங்க சகோதரி. நான் டீச்சர், இந்த வயசுப் பிள்ளைங்களோடதான் நாள் பூரா இருக்கேன். அதுங்க வீட்டுல சொல்லாம மறைக்கிறதுக்குப் பெரிய காரணமே "சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க"ங்கிற பயம்தான். தப்பு பண்ணவன் கையில போன் இருக்கும், அடி வாங்கின பிள்ளைக்குப் போன் போயிடும், அது அவளுக்கு தண்டனை மாதிரிதான் தெரியும். அதுவும் இல்லாம குரூப் அங்க ஓடிக்கிட்டேதான் இருக்கும், மறுநாள் கிளாசுக்குள்ள நுழையும்போது என்ன நடந்துச்சுன்னு அவளுக்கு மட்டும் தெரியாது. மொதல்ல பக்கத்துல உக்காந்து "இது உன் தப்பு இல்ல, உன்னைக் கேக்காம நான் எதுவும் பண்ண மாட்டேன்"னு சொல்லுங்க, சொன்னபடியே நடந்துக்கவும் செய்யுங்க. டேன் ஓல்வியஸ்னு ஒருத்தர் 1970கள்லயே பள்ளிக்கூடங்கள்ல இந்த மாதிரி கொடுமைய ஆராய்ச்சி பண்ணவர், அவர் மூணு விஷயம் பாக்கச் சொன்னார்: வேணும்னே செய்யணும், திரும்பத் திரும்ப நடக்கணும், எதுத்து நிக்க முடியாத அளவுக்கு பலத்துல வித்தியாசம் இருக்கணும். உங்க பொண்ணு விஷயத்துல மூணும் இருக்கே, இது எப்படி விளையாட்டாகும்?

நூல்கண்டு:
டீச்சர் சொன்னதோட நான் ஒண்ணு சேக்குறேன் அக்கா, கோவத்துல எதையும் டெலீட் பண்ணிடாதீங்க. குரூப் பேர், அனுப்பினவங்க நம்பர், தேதி, நேரம் எல்லாம் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, தானா மறையுற மெசேஜா இருந்தா இன்னொரு போன்ல போட்டோ எடுத்து வைங்க. போலி அக்கவுண்ட்டோட யூசர்நேம், லிங்க் ரெண்டையும் இன்னைக்கே காப்பி பண்ணி வெச்சுக்கோங்க. இதெல்லாம் முடிச்ச பிறகு ரிப்போர்ட் அடிங்க. இன்ஸ்டாகிராம்ல அடுத்தவங்க பேர்ல நடிக்கிற கணக்கைப் புகார் பண்ண ஒரு படிவம் இருக்கு, அக்கவுண்ட் இல்லாட்டியும் பெத்தவங்க நிரப்பலாம். வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் பண்ணா கடைசி அஞ்சு மெசேஜ் வாட்ஸ்அப் கம்பெனிக்குப் போகும், யார் புகார் பண்ணாங்கன்னு எதிராளிக்குத் தெரியாது. அப்புறம் செட்டிங்ஸ்ல பிரைவசி, குரூப்ஸ் போய் 'என் தொடர்புகள்'னு மாத்துங்க, முன்பின் தெரியாதவன் இழுத்துப் போட முடியாது. குரூப்ல இருந்து வெளிய வந்தாலும் 2022ல இருந்து அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகுது, எல்லாருக்கும் போகாது, இத உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, அதுங்களுக்கு அந்த பயம்தான் அதிகம்.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. எந்தக் குழந்தையோட ஆடையில்லாத படமாவது இந்த மாதிரி சுத்துச்சுன்னா ஆதாரத்துக்குன்னு கூட அத ஸ்க்ரீன்ஷாட் எடுக்கக் கூடாது, யாருக்கும் ஃபார்வர்டும் பண்ணக் கூடாது, பல நாடுகள்ல அதுவே குற்றம். அதுக்கு 'டேக் இட் டவுன்'னு இலவச சேவை இருக்கு. படம் உங்க போனை விட்டு வெளிய போகாது, அதுல இருந்து எடுக்குற கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும்தான் போகும், அத வெச்சு சேர்ந்திருக்குற தளங்கள் தேடி நீக்கும்.

தெற்குவாசல்:
மன்னிக்கணும், எனக்கு இதுல உடன்பாடு இல்ல. 12 வயசுல தனி போன் எதுக்கு? பெரும்பாலான தளங்களே 13 ஆகணும்னு சொல்லுது.

வகுப்பறை_ஜன்னல்:
சார், அத பொதுவா பேசலாம், நியாயமான கேள்விதான். ஆனா பிள்ளை அழுதுக்கிட்டிருக்குற வாரத்துல பேச வேண்டாம். ராத்திரி போன் எல்லாம் ஹால்ல சார்ஜ்ல கிடக்கட்டும், அம்மா அப்பா போனும் சேத்து. அப்ப அது வீட்டு வழக்கமா இருக்கும், தண்டனையா தெரியாது.

பேர்வேண்டாம்:
எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். இதே மாதிரி வேற ஒரு பொண்ணுக்கு நடந்தப்ப, என் பையன் கேலி பண்ணவங்க பக்கம் இருந்தவன். அவன் ஸ்டிக்கர் செய்யல, ஆனா தினமும் அத எடுத்துப் போட்டவங்கள்ல அவனும் ஒருத்தன். அந்தப் பொண்ணோட அம்மா சண்டைக்கு வராம, ஸ்க்ரீன்ஷாட்ட மட்டும் டீச்சர் மூலமா எனக்குக் காட்டினாங்க. மொதல்ல "எம்புள்ள அப்படிப் பண்ண மாட்டான்"னுதான் நானும் சொன்னேன், நம்பரப் பாத்ததும் பேச்சு வரல. அவன்கிட்ட கேட்டா "எல்லாரும் போட்டாங்க, நான் போடலேன்னா அடுத்து என்னைத்தான் ஓட்டுவாங்க"ங்கிறான். அவன் போன்ல இருந்த ஸ்டிக்கர அவன் கையாலயே அழிக்க வெச்சேன், அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்க வெச்சேன். அவன் நிறுத்தினதும் இன்னும் ரெண்டு பேர் தானா நிறுத்திட்டாங்க. அதனால அந்தப் பசங்களப் பெத்தவங்களுக்குக் கண்டிப்பா தெரியப்படுத்துங்கம்மா, ஆனா குரூப்ல திட்டாதீங்க, ஸ்கூல் வழியா போங்க.

கயல்அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிச்சுட்டு இவங்கப்பாவுக்கும் காட்டினேன், அவர் ஒண்ணும் சொல்லல, ஆனா பூட்டு பேச்சு நின்னுபோச்சு. நேத்து ராத்திரி நானும் பொண்ணும் உக்காந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம், எடுக்க எடுக்க அவளே "இவன் ஆரம்பிச்சான், இவ நிறுத்தச் சொன்னா"ன்னு ஒவ்வொண்ணா சொன்னா. நிறுத்தச் சொன்ன பிள்ளை ஒண்ணு இருக்குங்கிறதே எனக்கு அப்பதான் தெரியும். போலி அக்கவுண்ட ரிப்போர்ட் பண்ணியாச்சு. திங்கக்கிழமை டீச்சரப் பாக்கப் போறேன், அவளும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கா.