எஃப்-35 போர் விமானத்தின் மேம்பாட்டுச் செலவு ஏன் முடிவதே இல்லை?

கேள்வி: தக்கலை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். 2025 ஜூன் 14 அன்று, பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த எஃப்-35பி விமானம் ஒன்று எரிபொருள் குறைந்ததால் திருவனந்தபுரத்தில் அவசரமாகத் தரையிறங்கியதும், பிறகு ஹைட்ராலிக் கோளாறு கண்டறியப்பட்டு ஜூலை 22 வரை அங்கேயே நின்றதும் நினைவிருக்கும். வளைகுடாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப நம் மாவட்டத்தார் எப்போதும் செல்லும் விமான நிலையம் என்பதால், அந்த விமானத்தைப் பற்றிய பேச்சு என் வகுப்பில் இன்னும் ஓயவில்லை.

‘இந்தியா எஃப்-35 வாங்கலாமா?’ என்ற தலைப்பில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கலந்துரையாடல் நடத்தவிருக்கிறேன். மாணவர்கள் ஒரு விமானத்தின் விலையை இணையத்தில் பார்த்து, அதை எண்ணிக்கையால் பெருக்கிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். எனக்கோ படிக்கப் படிக்க ஐயம்தான் கூடுகிறது. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது 2001-ல். அமெரிக்க மரைன் படை இவ்விமானத்தைப் பணிக்குத் தயார் என அறிவித்தது 2015-ல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்ட பிறகும் மேம்பாட்டுப் பணி முடியவில்லை, செலவும் குறையவில்லை. இது வடிவமைப்பில் நேர்ந்த பிழையா, இத்தகைய விமானத்தின் இயல்பே அதுதானா? துறை அறிந்தவர்கள் உறுதியான தகவல்களோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: குளச்சல், முன்னாள் கடற்படை வான்பிரிவு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கோவாவில் நம் கடற்படையின் சீ ஹாரியர் விமானங்களின் மின்னணுப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செங்குத்தாக இறங்கும் விமானம் என்ற வகையில் ஹாரியரின் இடத்துக்கு வந்ததுதான் எஃப்-35பி. ஆகவே ஹாரியரிலிருந்தே தொடங்குகிறேன்.

1983 முதல் நமக்கு வந்த சீ ஹாரியர்களில் புளூ ஃபாக்ஸ் என்ற பிரிட்டன் ரேடார் இருந்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், அதை எடுத்துவிட்டு இஸ்ரேலின் இஎல்/எம்-2032 ரேடாரையும் டெர்பி ஏவுகணையையும் பொருத்தினார்கள். கம்பி இணைப்புகளை மாற்றுவது, எடையையும் சமநிலையையும் திரும்பப் பார்ப்பது, பறக்கவிட்டுச் சோதிப்பது என்று அதுவும் சிரமமான வேலைதான். ஆனாலும் அதற்குத் தொடக்கமும் முடிவும் இருந்தன. 2016-ல் ஓய்வு பெறும் வரை ஹாரியர்கள் அந்த ரேடாரோடுதான் பறந்தன. 1985-ல் நம் விமானப்படைக்கு வந்த மிராஜ் 2000 விமானங்களின் பெரிய மேம்பாட்டுக்கு ஒப்பந்தம் போடப்பட்டதும் 2011-ல்தான். கால் நூற்றாண்டுக்கு ஒருமுறை பெருந்தொகை செலவாகும், பிறகு பல ஆண்டுகள் அந்தப் பேச்சே இருக்காது.

எஃப்-35-ன் அமைப்பு வேறு. ரேடார், விமானத்தைச் சுற்றிலும் பார்க்கும் அகச்சிவப்புக் கேமராக்கள், மின்னணுப் போர்க் கருவி ஆகிய அனைத்தும் தரும் தகவலை மையக் கணினி ஒன்றாகச் சேர்த்து, ஒரே காட்சியாக விமானிக்குக் காட்டுகிறது. அதன் மென்பொருள் 80 லட்சம் வரிகளுக்கு மேற்பட்டது. இதுவே அதன் பெரும் பலம், செலவின் ஊற்றுக்கண்ணும் இதுவே. ஓர் ஏவுகணையைப் புதிதாகச் சேர்ப்பதென்றாலும் மென்பொருளைத் தொட்டாக வேண்டும், தொட்டபின் மற்றவை பழையபடி இயங்குகின்றனவா எனச் சோதித்தாக வேண்டும்.

இப்போது நடக்கும் மேம்பாட்டுக்குப் பிளாக் 4 என்று பெயர். புதிய ஆயுதங்கள், வலுவான மின்னணுப் போர்த்திறன், ஏபிஜி-81 ரேடாரின் இடத்தில் ஏபிஜி-85 ரேடார் என அது விரிகிறது. இவ்வளவையும் சுமக்கப் பழைய கணினியால் முடியாது என்பதால், டிஆர்-3 என்ற பெயரில் புதிய மையச் செயலியையும் நினைவகத்தையும் விமானி அறைத் திரையையும் முதலில் பொருத்த வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் அந்த விமானங்கள் ஆலையில் தயாராகிவிட்டன, மென்பொருள் தயாராகவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஓராண்டுக் காலம் அவற்றை ஏற்க மறுத்தது. 2024 ஜூலையில், முழுமையாகாத மென்பொருளோடு, முதலில் பயிற்சிக்கு மட்டும் என்ற நிலையில் ஏற்றுக்கொண்டு, விமானம் ஒன்றுக்குச் சுமார் 50 லட்சம் டாலர் வீதம் பணத்தைப் பிடித்துவைத்தது. முன்பே வாங்கிய விமானங்களுக்குப் பிளாக் 4 திறன் முழுமையாக வேண்டுமானால், அவற்றைப் பிரித்து இதே கணினியைப் பொருத்த வேண்டும். முழுவிலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு இரண்டாம் முறை பணம் கட்டுவது இவ்வாறுதான் வருகிறது.

பிழையா, இயல்பா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், இரண்டும் உண்டு என்பதே. கணினியை மையமாகக் கொண்ட விமானம் மாறிக்கொண்டே இருப்பது இயல்பு. சோதனைகள் முடியும் முன்பே நூற்றுக்கணக்கில் கட்டத் தொடங்கியது நிர்வாகத்தின் பிழை. முழுவேக உற்பத்திக்கு முறையான ஒப்புதல் கிடைத்ததே 2024 மார்ச்சில்தான் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

பராமரிப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கடலின் மேல் பறந்து வந்த ஹாரியரை நன்னீரால் கழுவுவோம். அப்படியும் மின் இணைப்பான்களின் ஊசிமுனைகளில் உப்பு பச்சையாகப் படியும். மூடியின் திருகுகளைக் கழற்றி, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஊசிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, மூடியைத் திரும்பத் திருகினால் விமானம் பறக்கத் தயார். ரேடாருக்குப் புலப்படாத விமானத்தில் அந்த மூடியின் விளிம்பும் மறைப்பின் ஒரு பகுதி. அடிக்கடி திறக்க வேண்டிய மூடிகளை எஃப்-35-ல் எளிதாகவே அமைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் கை வைத்தால், இடைவெளியை நிரப்பி, பூச்சுப் பூசி, அது இறுகும் வரை காத்திருந்து, மேற்பரப்பு சீராக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே வேலை முடியும். குளச்சல் கடற்காற்றில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடும் என்று அறிந்தவர்களுக்கு, கப்பலில் வாழும் விமானத்தில் இந்த வேலை எத்தனை முறை வரும் என்பது விளங்கும்.

பதில்: நாகர்கோவில், ஓய்வு பெற்ற தணிக்கையாளர்

குளச்சல் ஐயா விமானத்தின் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் இடறும் இடம் அதுதான்.

இணையத்தில் காணப்படும் விலை, விமானம் ஆலையை விட்டு வெளிவரும்போது உள்ள விலை. 15 முதல் 17 வரையிலான உற்பத்தித் தொகுதிகளில், வழக்கமான ஓடுபாதையில் இறங்கும் வகையான எஃப்-35ஏ ஒன்றுக்குச் சராசரியாக 8.25 கோடி டாலர். இதைவிடப் பன்மடங்கு பெரிய செலவு அதன்பிறகு வருகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்கா வாங்கும் ஏறக்குறைய 2,500 விமானங்களை அவற்றின் ஆயுள்காலம் முழுவதும் இயக்கிப் பராமரிக்க ஆகும் செலவின் மதிப்பீடு 2018-ல் 1.1 லட்சம் கோடி டாலராக இருந்தது, 2023-ல் 1.58 லட்சம் கோடியாக உயர்ந்தது. நியாயமாகச் சொல்வதென்றால், விமானங்களை 2088 வரை பறக்கவைப்பது என்று காலத்தை நீட்டியதும், எதிர்கால விலையேற்றத்தைச் சேர்த்துக் கணக்கிடுவதும் இந்த உயர்வில் அடங்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரு விமானத்துக்கு ஓராண்டில் ஆகும் செலவை மட்டும் பார்த்தாலும் நிலைமை நன்றாக இல்லை. அமெரிக்க விமானப்படை முதலில் வைத்த இலக்கு 41 லட்சம் டாலர், 2023 மதிப்பீடோ 66 லட்சம்.

இவ்வளவு செலவழித்தும் விமானம் பறக்க ஆயத்தமாக இருக்கிறதா என்பதைத்தான் ஒரு தணிக்கையாளன் அடுத்துக் கேட்பான். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களில் ஏறத்தாழ 55 விழுக்காடே பணிக்கு ஆயத்தமாக இருந்தன. பழுதுபார்க்கக் காத்துக்கிடந்த பாகங்கள் 10,000-க்கு மேல். பழுதுபார்க்கும் பட்டறைகளை அமைப்பதில் ஏற்பட்ட தாமதமும், பழுது நீக்கத் தேவையான தொழில்நுட்பத் தரவுகள் அரசின் கையில் போதிய அளவு இல்லாமையும் இதற்குக் காரணங்கள் என்று ஜிஏஓ சுட்டிக்காட்டியது. விமானத்தை வடிவமைக்கச் செய்தது அமெரிக்கா, அதற்குப் பெரும்பங்குப் பணம் கொடுத்ததும் அமெரிக்காதான். அந்த அரசுக்கே இந்த நிலை என்றால், வெளியிலிருந்து வாங்கும் நாட்டின் நிலையை மாணவர்கள் தாமாகவே ஊகிக்கட்டும்.

பிளாக் 4 கணக்கும் இதே போக்கில்தான் செல்கிறது. 2018-ல் 1,060 கோடி டாலர் என்றார்கள், சில ஆண்டுகளில் 1,650 கோடி என்றார்கள். 2025-ல் வந்த அறிக்கையின்படி, திட்டமிட்ட திறன்களில் சிலவற்றைக் கைவிட்டுச் சுருக்கிய பிறகும், 2031-க்கு முன் அது முடியாது. அதே அறிக்கையில், 2024-ல் ஒப்படைக்கப்பட்ட 110 விமானங்களும் தாமதமாகவே வந்தன, சராசரித் தாமதம் 238 நாள் என்ற வரியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

பிரிட்டனின் கணக்கையும் வகுப்பில் வையுங்கள், திருவனந்தபுரத்தில் நின்றது அவர்களுடைய விமானம் அல்லவா! அங்கே பாதுகாப்பு அமைச்சகம் சொல்லிவந்த ஆயுள்காலச் செலவு 5,700 கோடி பவுண்டு. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம், பணியாளர், எரிபொருள், கட்டமைப்பு போன்றவற்றையும் சேர்த்து, 2025 ஜூலையில் 7,100 கோடி பவுண்டு என்று கணக்கிட்டது. விமானம் வாங்கினால் விமானிக்கும் பணிமனைக்கும் செலவாகும் என்பது யாருக்குத் தெரியாது? தெரிந்த செலவைக் கணக்கில் காட்டாமல் விடுவதை எந்த நாடும் செய்யக் கூடாது.

பதில்: மார்த்தாண்டம், இயந்திரப் பொறியாளர்

இயற்பியல் வகுப்பு என்பதால் வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். கணினியும் ரேடாரும் வலிமை பெறப் பெற வெப்பம் கூடும். ரேடாருக்கு மறைந்து பறக்கும் விமானத்தில், வெப்பத்தை வெளியேற்ற விருப்பம்போல் காற்றுத் துளைகளை வைக்க இயலாது. எஃப்-35-ல் எஃப்135 எஞ்சினின் அழுத்திப் பகுதியிலிருந்து அழுத்தப்பட்ட காற்றைப் பிரித்தெடுத்துக் குளிரூட்டும் அமைப்பை இயக்குகிறார்கள். குளிரூட்டலுக்காக எஞ்சின் சுமக்க வேண்டியதாக முதலில் வகுத்த அளவு 15 கிலோவாட். மின்னணுக் கருவிகளின் உண்மைத் தேவை அதைப்போல் இரு மடங்கானது. கூடுதல் காற்றைப் பிரித்தெடுக்கும்போது, அதே உந்துவிசையைத் தர எஞ்சின் மேலும் சூடாக இயங்குகிறது, சுழலிப் பகுதி விரைவில் தேய்கிறது, எஞ்சினை முன்கூட்டியே கழற்றிப் பழுதுபார்க்க வேண்டியதாகிறது. இதனால் ஆயுள்காலத்தில் கூடும் செலவு மட்டும் 3,800 கோடி டாலர் என மதிப்பிட்டிருக்கிறார்கள். பிளாக் 4 இன்னும் அதிகக் குளிரூட்டலைக் கோருவதால், எஞ்சினின் மையப் பகுதியை மேம்படுத்துவது என 2023-ல் முடிவு செய்தார்கள். முற்றிலும் புதிய எஞ்சின் ஒன்றையும் பரிசீலித்து, அதைக் கைவிட்டார்கள். கணினியை மாற்றினால் குளிரூட்டலையும், அதற்காக எஞ்சினையும் மாற்ற வேண்டிவரும் இந்தத் தொடர்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாலே மாணவர்களுக்கு மேம்பாட்டுச் செலவு விளங்கிவிடும்.

மறுகேள்வி: தக்கலை ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “செலவு கூடினாலும் பரவாயில்லை என்று வாங்கினால், நம் அஸ்திரா ஏவுகணையை அதில் நாமே பொருத்திக்கொள்ள முடியுமா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. முறையான பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை என்று மத்திய அரசு 2025-ல் நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது என்றாலும், கேள்வி நல்ல கேள்வி.

பதில்: குளச்சல், முன்னாள் கடற்படை வான்பிரிவு

அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் ஐயா, விலையைவிட முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டாள்.

இந்தத் திட்டத்தில் தொடக்கம் முதலே முதல்நிலைக் கூட்டாளியாகப் பணம் போட்ட நாடு பிரிட்டன். அவர்களுடைய எஃப்-35பி விமானத்தில் மீட்டியோர் ஏவுகணையைச் சேர்க்கும் பணி பிளாக் 4 மென்பொருளை நம்பியிருப்பதால், அது 2030-களின் தொடக்கத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஏவுகணை ஆயத்தமாக இருக்கிறது, அதை ஏந்த வேண்டிய விமானம் அடுத்தவருடைய கால அட்டவணைக்குக் காத்திருக்கிறது. இஸ்ரேல் மட்டும் தன் சொந்த மின்னணுக் கருவிகளையும் ஆயுதங்களையும் சேர்த்துக்கொள்ளத் தனிச் சலுகை பெற்றது. நமக்கு அது கிடைக்கும் என்று எண்ண எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்கியதற்காக, பாகங்களைத் தயாரித்துக்கொடுத்த கூட்டாளியான துருக்கியையே 2019-ல் இத்திட்டத்திலிருந்து நீக்கினார்கள். நம்மிடமும் எஸ்-400 இருக்கிறது.

அஸ்திராவை சுகோய்-30 விமானத்தில் நம் நாட்டிலேயே பொருத்திச் சோதித்துப் படையில் சேர்த்தார்கள், ஏனெனில் அதற்குத் தேவையான கணினியிலும் மென்பொருளிலும் கை வைக்கும் உரிமையும் பயிற்சியும் நம்மிடம் இருந்தன. ஆகவே எஃப்-35-ல் நாமே பொருத்த முடியாது, அவர்கள் இசைந்து, அவர்கள் வைத்த வரிசையில், அவர்கள் சொல்லும் விலைக்குத்தான் அது நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லலாம்.

நாமே உருவாக்கும் ஆம்கா விமானத்துக்கு மத்திய அமைச்சரவைக் குழு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அது வடிவமைப்புக்கும் முன்மாதிரி விமானங்களுக்கும் உரிய தொகை. முதலில் வரும் ஆம்காவிலும் அமெரிக்காவின் எஃப்414 எஞ்சின்தான் இருக்கும் என்பதால், தேஜஸ் விமானத்துக்கு எஞ்சின் வரத் தாமதமாகி ஒப்படைப்பு தள்ளிப்போனது போன்ற சிக்கல் அதற்கும் வரலாம். ஆதலால் மாணவர்கள் எஃப்-35-ஐக் கேட்ட கேள்விகளை ஆம்காவிடமும் கேட்கட்டும். இரண்டாவது, மூன்றாவது கணினியை ஏற்கும் அளவுக்குக் குளிரூட்டலுக்கும் மின்சாரத்துக்கும் இப்போதே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், பூச்சைப் பழுதுபார்க்கும் வேலை படைத்தளத்தில் நடக்குமா, ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டுமா, பணியில் சேர்ந்த பிறகான நாற்பது ஆண்டுச் செலவை யார் கணக்கிடுகிறார்கள் என்பவற்றை வடிவமைப்பு நடக்கும்போதே கேட்டாக வேண்டும். கலந்துரையாடல் நாளைத் தெரிவித்தால், பள்ளி அனுமதித்தால், ஹாரியர் பராமரிப்பு அனுபவத்தோடு நானும் வந்து மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.