மெம்டெஸ்ட் (ராம் சோதனை) பாஸ், ஆனாலும் சர்வர் தானாக ரீபூட் ஆகுது. மதர்போர்டு தானா?

கேள்வி:
2 சாக்கெட் (2 சிபியு) ரேக் சர்வர், 32 ஜிபி ஈசிசி (பிழை திருத்தும்) ராம் 8 எண்ணம், டெபியன் 12. வாரத்துக்கு இரண்டு தடவை தானாக ரீபூட் ஆகுது. கெர்னல் லாக் பாதியிலேயே அறுந்து நிற்குது. மெம்டெஸ்ட்86+ 12 மணி நேரம் ஓட்டியும் பிழை பூஜ்யம். பவர் சப்ளை மாற்றியாச்சு. போர்டை மாற்றணுமா?

பதில் 1:
போர்டுக்கு இன்னும் போக வேண்டாம். முதலில் "ஐபிஎம்ஐடூல் செல் ஈலிஸ்ட்" கொடுங்க, போர்டின் நிகழ்வுப் பதிவு (செல் லாக்) வரும். சர்வர் செத்தாலும், அதைக் கண்காணிக்கும் தனி சிப்பான பிஎம்சி ஸ்டாண்ட்பை கரண்டில் ஓடிக்கிட்டே இருக்கும். டிஸ்கில் எழுத கெர்னலுக்கு நேரம் கிடைக்காத பிழையும் அதில் பதிவாகும். பிஎம்சி கடிகாரம் யுடிசியில் இருந்தால் இந்திய நேரத்துக்கு 5:30 கூட்டி, ரீபூட் ஆன நேரத்தோட ஒப்பிடுங்க.

மெம்டெஸ்ட் பாஸை நம்பாதீங்க. ஒரு பிட் கெட்டால் மெமரி கன்ட்ரோலரே திருத்திக் கொடுத்துடும், மெம்டெஸ்ட்டுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அந்த கன்ட்ரோலரின் ஈசிசி பிழைக் கவுன்டரை மெம்டெஸ்ட்டுக்குப் படிக்கத் தெரிந்தால்தான் உண்மை வெளியே வரும்.

கேட்டவர்:
செல் லாகில் கரெக்டபிள் (திருத்த முடிந்த) ஈசிசி பிழை, டிம் (ராம் ஸ்லாட்) பி2: 40 வரிக்கு மேல். கடைசியாக அன்கரெக்டபிள் (திருத்த முடியாத) ஈசிசி, அதே நிமிஷம் ரீபூட். பி2 ராமைக் கழற்றிப் போட்டுடவா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. கெட்டது ராமா, ஸ்லாட்டா என்று இன்னும் தெரியலை. "டிஎம்ஐடிகோட் -டி மெமரி" (dmidecode -t memory) கொடுத்து சீரியல் நம்பர்களைக் குறிச்சுக்குங்க. செல் லாகை ஃபைலில் சேமிச்ச பிறகு "செல் கிளியர்". இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கி, ஸ்டாண்ட்பை விளக்கு அணைந்ததும், ரிஸ்ட் ஸ்ட்ராப்போட ஏ2, பி2 இரண்டையும் மட்டும் இடம் மாற்றுங்க. வேற எதையும் தொடாதீங்க. பிறகு பிழைகளைப் பதிவு செய்யும் ராஸ்டீமனை ஓடவிட்டு, ராமுக்குச் சுமை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் 4 மணி நேரம். இடையிடையே "ராஸ்-எம்சி-சிடிஎல் --எரர்-கவுன்ட்" பாருங்க.

பிழை ஏ2-க்குப் போனால் ராம். பி2-லேயே நின்றால் ஸ்லாட், சாக்கெட் பின், சிபியு மூன்றில் ஒன்று. அப்போ சிபியுவைக் கழற்றி டார்ச்சைச் சாய்த்து அடிச்சா, வளைந்த பின் மட்டும் வேற மாதிரி மின்னும். ஹீட்சிங்க் திருகை அதில் போட்டிருக்கும் எண் வரிசையில்தான் முறுக்கணும். ஒரு பக்கம் மட்டும் இறுகினாலும் ஒரு மெமரி சேனல் (ராமுக்கான பாதை) தகராறு பண்ணலாம்.

பதில் 2:
ராம் முனையை அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் இங்கே நிறைய பேருக்கு இருக்கு. தங்கப் பூச்சு போயிடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போதும். இன்னொன்று, கெர்னல் காட்டும் டிம் பெயரும் போர்டில் அச்சடிச்ச பெயரும் சில சமயம் ஒத்துப்போகாது. போர்டு மேனுவலைப் பார்த்துக் கழற்றுங்க.

கேட்டவர்:
மாற்றினேன். 40 நிமிஷத்தில் ஏ2-ல் 11 கரெக்டபிள். பி2-ல் ஒன்றுமில்லை.

பதில் 1:
அப்போ ராம்தான். சேமிச்ச செல் லாக், சீரியல் நம்பர் இரண்டையும் வைத்து வாரண்டி கேளுங்க. "மெம்டெஸ்ட் பாஸ் ஆகுதே" என்று அவங்க மறுத்தால் அந்த லாகைக் காட்டுங்க. புதுசு வரும்போது பார்ட் நம்பர், ரேங்க் (ராம் சிப்கள் எத்தனை தொகுதி என்பது) ஒன்றா என்று பார்த்து வாங்குங்க.