புதிதாக எழுத வந்தவர்களின் எழுத்தில் நீங்கள் கண்ட ஒரு இடம், மறக்க முடியாதது

வெள்ளவத்தை வாசகி:

புதுசா எழுத வந்த ஒரு பிள்ளையின்ர 412 சொல் கட்டுரை இன்னும் மண்டைக்குள்ளை நிக்குது. 100ஆம் நம்பர் பஸ், காலி வீதி, மழை. "பேருந்தில் பயணித்துக் கொண்டிருந்த வேளையில் கனமழை பொழியத் தொடங்கியது" எண்டு தொடக்கம். "என்பது குறிப்பிடத்தக்கது" மூண்டு இடத்திலை. எந்த ஊர்ப் பிள்ளை எழுதினது எண்டே தெரியாது.

பிறகு வாயாலை சொல்லச் சொன்னால், தண்ணி பஸ்ஸுக்குள்ளை ஏறினதும் கொண்டக்டர் காலைத் தூக்கி சீற்றிலை வைச்சுக்கொண்டு "பஹின அய சபத்து கலவன்ன!" எண்டு சிங்களத்திலை கத்தினதாம். முழுக் கட்டுரையிலும் உயிருள்ள வசனம் அதுதான். எழுத்திலை மட்டும் இல்லை. ஏன் விட்டனீங்கள் எண்டால், "அது எழுதுற தமிழ் இல்லையே அக்கா" எண்டு சொல்லுது.

முதல் ரெண்டு பந்தியையும் வெட்டி, கொண்டக்டரின்ர சத்தத்திலை தொடங்கினதும் கட்டுரை 290 சொல்லுக்கு இறங்கிச்சுது. புது ஆக்களின்ர எழுத்திலை முதல் பந்தி அனேகமா தொண்டையைச் செருமுறது மட்டும்தான். முழுக்க எழுதி முடிச்சிட்டு, கண்ணுக்கு ஒண்டு தெரியிற முதல் வசனம் எது எண்டு தேடுங்கோ. அதுக்கு மேலை இருக்கிறதெல்லாம் போகலாம்.

கொட்டாஞ்சேனை 13:

அக்கா சொல்றது சரி, ஆனா பாதிதான். "வாயால சொல்றத எழுது"ன்னா யாரோட வாய்? இங்க ஒரு தம்பி, மலையகத்துல இருந்து வந்த குடும்பம். வீட்டுல "பேசுறாங்க", "வர்றாங்க"ன்னுதான் புழக்கம். இலங்கைத் தமிழ்னா யாழ்ப்பாணத்துப் பேச்சுதான்னு நெனச்சு கதை முழுக்க "கதைக்கினம்", "வருகினம்"னு எழுதியிருந்தாரு. படிக்கப் படிக்க ஏதோ இடறிச்சு, எதுன்னு பிடிபடல. ஏழாவது பந்தியில பாட்டியை "அம்மம்மா"ன்னு கூப்பிடுற எடத்துலதான் தெரிஞ்சிச்சு. வீட்டுல அவங்க "அம்மாயி". அந்த ஒரு சொல்ல மாத்தினதும் மத்தது எல்லாம் பொய்யின்னு அவருக்கே விளங்கிருச்சு. உட்கார்ந்து முழுசையும் திரும்ப எழுதினாரு.

அதனால மொதல்ல உறவுமுறைச் சொல்லையும் சாப்பாட்டுச் சொல்லையும் சரிபாருங்க. அம்மாயியா, அம்மம்மாவா, உம்மம்மாவா? பாண்னா பாண்தான், அத ரொட்டின்னு ஆக்காதீங்க. குசினி, அலுமாரி, சப்பாத்து எல்லாம் நம்ம சொல்லு, சமையலறை, காலணின்னு மாத்தத் தேவையில்ல.

ஆனா கதை சொல்ற பகுதி முழுசையும் பேச்சுத்தமிழ்ல இழுத்தா, பக்கத்து ஊர்க்காரன் ரெண்டாவது பக்கத்துல களைச்சிருவான். பேசுற ஆளுக்கு வீட்டுப் பேச்சு, விவரிக்கிறதுக்கு இலகுவான எழுத்துத்தமிழ். இந்தச் சண்டை இன்னைக்கு நேத்து வந்ததில்ல. 1960கள்ல பேச்சுவழக்குல கதை எழுதினவங்கள "இழிசனர் வழக்கு"ன்னு ஏசினாங்க. எழுதினவங்க நிறுத்தல. 1966ல யாழ்ப்பாணத்துல தொடங்கின மல்லிகை மாதிரிச் சஞ்சிகைகள் அந்த எழுத்துக்கு எடம் குடுத்துச்சு.

ஒப்புநோக்குநர்:

ஒரு தங்கச்சி எழுதிப் போட்ட நல்ல கட்டுரை நாற்பது நிமிடத்தில் காணாமல் போனது. "அந்த கடை" என்று ஒற்று விட்டிருந்ததை ஒருவர் எல்லோருக்கும் முன்னால் சுட்டிக்காட்டினார், அவ்வளவுதான். ஒரு எழுத்துக்காக 500 சொல் அழிந்தது. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு வலிக்கிறது.

இதற்கு முழு இலக்கணமும் தேவையில்லை. மூன்று இடம் தெரிந்தால் பெரும்பாலான பிழை போய்விடும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: அந்தக் கடை. "ஐ" உருபுக்குப் பின் மிகும்: கடையைப் பார்த்தேன். "கு" உருபுக்குப் பின் மிகும்: கடைக்குப் போனேன். மிகாத இடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வந்த பையன், பார்த்த படம். இவற்றில் ஒற்றுப் போட்டால்தான் பிழை.

பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகு "ஔ" எழுத்து "ஒ", "ள" என்று இரண்டாக உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதியதை ஒரு நாள் கிடப்பில் போடுங்கள். பிறகு சத்தமாக வாசித்துத் தொலைபேசியில் பதிவு செய்து, கையில் பென்சிலோடு கேளுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் ஒரு கோடு, நாக்கு இடறும் இடத்தில் ஒரு வட்டம். கோடு விழுந்த வசனத்தில் பெரும்பாலும் "கொண்டிருந்த", "இருந்த", "வந்த" என்று இரண்டு மூன்று எச்சம் அடுக்கியிருக்கும். அதை இரண்டு வசனமாக முறியுங்கள். வட்டம் விழுந்த இடத்தில் நீங்கள் வாயால் ஒருபோதும் சொல்லாத சொல் இருக்கும்.

வெள்ளவத்தை வாசகி:

அண்ணா, நீங்கள் சொன்ன ஒற்றுக் கணக்கு அவ்வளவும் சரி. ஆனா முதல் தரம் எழுதேக்கையே அதைப் பாத்தால் பிள்ளையள் நாலாவது வரியிலை நிண்டிடுவினம். ஒவ்வொரு சொல்லுக்கும் பயந்து, பிழை வராத சொல்லாப் பொறுக்கி எடுப்பினம். அப்பிடி வந்ததுதான் அந்தக் "கனமழை பொழியத் தொடங்கியது". ஒற்று கடைசி வேலையா இருக்கட்டும்.

வெளியிலை விட முதல் ஒரேயொரு ஆளிட்டைக் குடுக்கவேணும். "எப்பிடி இருக்கு?" எண்டு கேட்டால் "நல்லா இருக்கு" எண்டுதான் வரும், ஒரு பிரயோசனமும் இல்லை. "எந்த இடத்திலை வாசிக்கிறதை நிப்பாட்ட நினைச்சனீங்கள்?" எண்டு கேளுங்கோ. விரலை வைச்சுக் காட்டுவினம். அந்த இடத்துக்கு ரெண்டு வசனம் மேலைதான் அனேகமாப் பிழை இருக்கும்.

தெஹிவளை:

அக்கா, கொண்டக்டர் சொன்ன சிங்களத்துக்குத் தமிழ் விளக்கம் போட்டவவா? எனக்கு எப்பவும் இதிலைதான் சிக்கல்.

வெள்ளவத்தை வாசகி:

போடேல்லை. அடுத்த வசனம்: "நாங்கள் நாலு பேர் குனிஞ்சு சப்பாத்து லேஸை அவிட்டம்."