வேகாத வெள்ளை பீன்ஸ்: ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். காய்ந்த பீன்ஸ் வேகாமல் போவதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> காய்ந்த பீன்ஸ் எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்று ஆகாத நிலைக்குக் 'கடின விதை' என்றே வைத்துக்கொள்ளலாமே?

இதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஐயா. கடின விதை என்பது விதை நூல்களில் ஏற்கெனவே வேறொன்றுக்குப் புழங்கும் சொல். தோல் தண்ணீரை உள்ளே விடாத விதையை அப்படிச் சொல்கிறார்கள். வெள்ளை பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்தால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அவற்றுள் சில மணிகள் மட்டும் போட்டபோது இருந்த அளவிலேயே கிடக்கும். அவைதான் கடின விதைகள். தோலை லேசாகக் கீறிவிட்டால் அவையும் ஊறிவிடும்.

நாம் பெயர் தேடுவது இன்னொரு கோளாறுக்கு. நன்றாக ஊறி, உப்பி, பார்க்க எந்தக் குறையும் இல்லாத பீன்ஸ், இரண்டு மணி நேரம் கொதித்த பிறகும் பல்லில் நறுக்கென்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த சரக்கில் இது வரும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கொதிநீரில் கரைந்தால்தான் பீன்ஸ் குழையும். அப்படிக் கிடந்த விதைக்குள் ஃபைட்டேட் என்ற இயற்கைச் சேர்மம் சிதைகிறது. அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டுப் பெக்டினோடு பிணைந்துகொள்கின்றன. பிறகு பெக்டின் எளிதில் கரைவதில்லை. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. இங்கே தோலைக் கீறிப் பயனில்லை, இன்னும் கொஞ்ச நேரம் ஊறவைத்தும் பயனில்லை. ஊறவைக்கும் தண்ணீரில் உப்பு போட்டால் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து ஓரளவு இளக்கும். துளி சமையல் சோடாவும் உதவும். தக்காளி, புளி போன்றவற்றை வேகும் முன்பே சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

காரணமும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் தேவையில்லாததைச் செய்துகொண்டிருப்பார். ஆகவே முதலாவதற்கு ஊறாமை, இரண்டாவதற்கு வேகாமை என்று முன்மொழிகிறேன். கல்லாமை, அறியாமை என நமக்குப் பழகிய அமைப்புதான். ஊறாப் பயறு, வேகாப் பயறு என்று பெயரெச்சமாகவும் இடறாமல் வரும். 'சமைவுறாக் கடினத்தன்மை' என்ற பரிந்துரையையும் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் அடுப்படியில் நிற்பவர் வாயில் அது நுழையாது. சமையல் சார்ந்த கலைச்சொல் அங்கே புழங்காவிட்டால் அகராதியிலேயே தங்கிவிடும்.

> வேகாமை என்றால் போதிய நேரம் வேகவைக்காதது என்று பொருள்படாதா?

இந்தக் கேள்வி முக்கியமானது, உடல்நலத்தைத் தொடுவதும்கூட. வேகவைக்காத பீன்ஸில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின், அதாவது நச்சுத்தன்மையுள்ள ஒரு புரதம், இருக்கிறது. சிவப்பு கிட்னி பீன்ஸில் அதிகம், வெள்ளையில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 100 டிகிரி செல்சியஸில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடமாவது கொதிக்க வேண்டும். மெதுவாகச் சூடேறும் மின்பாத்திரத்தில் 80 டிகிரியோடு நின்றுவிட்டால் நச்சு போகாது, கூடவும் செய்யலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும். அப்படிப் போதாமல் வெந்ததைச் சொல்ல 'அரைவேக்காடு' நம்மிடம் இருக்கிறது. அது சமைத்த விதத்தில் வந்த குறை, வேகாமை விதைக்குள்ளேயே வந்த குறை. வேகாமையின் வரையறையில் 'போதிய கொதிப்புக்குப் பிறகும்' என்ற தொடரைச் சேர்த்துவிட்டால் இரண்டும் கலக்காது.

சரி, இன்னும் ஒன்று பாக்கி. ஊறவைத்த மணிகளில் நூற்றுக்கு எத்தனை ஊறவில்லை என்று குறிப்பதற்கும் ஒரு சொல் தேவைப்படும். 'ஊறா விழுக்காடு' என்று போடலாமா? வேறு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.